காத்தாடி மில்லுடையது; கணக்கு யாருடையது?

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை போகிற சாலையில் ஆடி மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பேருந்து ஜன்னலைச் சாத்தினாலும் காற்று இடுக்கு வழியே உள்ளே வந்துவிடும். சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் "இதெல்லாம் யாருடையது?" என்று கேட்டால், "ஈ.பி.காரங்களுதுங்க" என்று சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் மின் வாரியத்தின் சொந்தக் காற்றாலைகள் மொத்தமும் 20 மெகாவாட்டுக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் நிற்கும் காற்றாலைகளின் திறனோ 10,000 மெகாவாட்டுக்கு மேல். மீதி யாருடையது என்று அறிய, கோபுரத்தின் அடியில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். ஒன்றில் நூற்பாலையின் பெயர் இருக்கும், அடுத்ததில் சிமெண்ட் ஆலையின் பெயர், அதற்கடுத்ததில் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயர்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பருத்தியின் இழை நீளத்தை விரலால் தடவியே சொல்லிவிடும் மில்காரருக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்? இறக்கை, கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் எதுவும் அவருக்குத் தெரியாது. அப்படியிருந்தும் இந்தியாவில் காற்று மின்சாரம் வேரூன்றியதில் பெரும் பங்கு இவர்களுடைய பணத்துக்கு உண்டு. பழைய தொழிலில் காலூன்றிய ஒரு நிறுவனம், தனக்குத் தெரியாத புதிய தொழில்நுட்பத்தை எப்படித் தனதாக்கிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் நம் ஊரில் இல்லை. இந்த வழியில் லாபம் கண்டவர்களும் உண்டு, கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஏன் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தேவை. நூற்பாலையில் பருத்திக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று மின்சாரம். மூன்று ஷிப்டும் ஓடுகிற இடம் அது. மின்சாரம் ஒரு நிமிடம் போனால் ஒரு நிமிட உற்பத்தி மட்டும் போவதில்லை. ரிங் ஃப்ரேமில் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் நின்று, நூல்கள் அறுந்து தொங்கும். மின்சாரம் திரும்பி வந்ததும் தொழிலாளர்கள் ஃப்ரேம் ஃப்ரேமாக நடந்து, அறுந்த நூலைக் கையால் ஒட்டி ஒட்டி ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டின்போது டீசல் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு மில்களை ஓட்டியவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும்.

அடுத்தது இயற்கை தந்த இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் திறந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் திறப்புகளின் வழியே நெருக்கிப் பிதுங்கி, வேகம் கூடி வெளியே வருகிறது. 1980களின் பிற்பாதியில் அரசு தூத்துக்குடி, கயத்தாறு, முப்பந்தல் பக்கங்களில் சிறிய காற்றாலைகளை நட்டுப் பார்த்தது. காற்று இருக்கிறது, இயந்திரம் சுற்றுகிறது, மின்சாரம் கம்பியில் ஏறுகிறது என்பதைக் கண்ணால் காட்டியது அந்த முயற்சிதான். தனியார் பின்னால் வந்தார்கள். புதுத் தொழில்நுட்பத்தின் முதல் ஆபத்தை அரசு ஏற்ற பிறகே பழைய நிறுவனங்கள் பணத்தை எடுத்தன என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கொங்கு நாட்டுத் தொழிலுக்கு 'ஜாப் ஒர்க்' என்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் வழியைப் பாருங்கள். ஏற்றுமதியாளர் ஆர்டர் வாங்குவார், நூல் வாங்குவார். நிட்டிங் ஓரிடத்தில், சாயம் வேறிடத்தில், காம்பாக்டிங் இன்னொரு இடத்தில், பிரிண்டிங் மற்றோர் இடத்தில். துணி ஊரைச் சுற்றிவிட்டு வெட்டுவதற்கும் தைப்பதற்கும் திரும்பி வரும். ஒவ்வொரு வேலைக்கும் கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. எல்லா இயந்திரத்தையும் தானே வாங்கிப் போட்டிருந்தால் சிறு முதலாளி எவராலும் அங்கே தொழில் தொடங்கியிருக்க முடியாது. புது இயந்திரம் ஊருக்கு வந்தால், அதை ஒரு ஜாப் ஒர்க்காரர் வாங்கிப் போடுவார். ஐம்பது பேர் அதைப் பயன்படுத்துவார்கள். அவுட்சோர்சிங் என்ற சொல் மேலாண்மைப் புத்தகங்களில் இருந்து நம்மிடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர் அதைச் செய்துகொண்டிருந்தது.

ஆனால் நல்ல ஏற்றுமதியாளர் ஒன்றை மட்டும் வெளியே விடமாட்டார். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியைத் தானே கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கிராம் எடை சரியா, நிறம் ஒத்துப்போகிறதா, துவைத்தால் சுருங்குமா என்று தன் ஆளை வைத்துச் சோதிப்பார். சாயம் போடத் தெரியாவிட்டாலும் நல்ல சாயம் எது என்று அவருக்குத் தெரியும்.

1990களில் காற்றாலை விற்க வந்தவர்கள் இந்த ஜாப் ஒர்க் மனத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். நிலம் தேடி வாங்கித் தருவது, இயந்திரம் நிறுத்துவது, துணை மின் நிலையம் வரை லைன் இழுப்பது, வாரியத்தின் அனுமதிகளை வாங்குவது, பிறகு ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது என்று எல்லாவற்றையும் ஒரே கையில் முடித்துத் தந்தார்கள். மில்காரர் செய்ய வேண்டியது காசோலையில் கையெழுத்துப் போடுவது மட்டும். கோயம்புத்தூரில் மில், 300 கிலோமீட்டருக்கு அப்பால் முப்பந்தலில் காற்றாலை. அங்கே உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்தின் கம்பி ஏற்றுக்கொள்ளும். இங்கே மில்லின் பில்லில் அதைக் கழித்துவிடும். முப்பந்தலில் பிறந்த அதே மின்சாரம் கோவைக்கு ஓடி வருவதில்லை. ஒரு முனையில் குளத்தில் தண்ணீர் விட்டவர், மறுமுனையில் அதே அளவு மொண்டுகொள்வது போலத்தான். குளத்தைப் பயன்படுத்துவதற்கான கூலிக்கு வீலிங் கட்டணம் என்று பெயர். காற்றுக் காலத்தில் மிஞ்சியதைக் கணக்கில் வைத்துக் காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதி பேங்கிங். ஆண்டுகள் போகப் போக அந்த வசதிக்கான கட்டணமும் நிபந்தனையும் கூடின. வாரியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடி மாத நள்ளிரவில் யாருக்கும் தேவைப்படாத மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, பற்றாக்குறைக் காலத்தில் திருப்பித் தருவது அவர்களுக்கு உண்மையிலேயே சுமை.

வரிச் சலுகையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1990களில் காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டலாம் என்று வருமான வரிச் சட்டம் அனுமதித்தது. ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கினால், அந்த ஆண்டு லாபத்தில் ஒரு கோடி குறையும். நிறுவன வரி அந்தப் பத்தாண்டின் முற்பாதியில் 40 சதவீதத்துக்கு மேல் இருந்ததால், 40 லட்சத்துக்கும் மேல் வரி மிச்சம். இயந்திரம் ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்யாவிட்டாலும் இந்த மிச்சம் கிடைத்துவிடும்! ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் சலுகையில் பாதிதான் என்ற விதியும் இருந்தது. அதனால் செப்டம்பர் கடைசிக்குள் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஓட்டம். அதைத் தவறவிட்டவர்களுக்கு மார்ச் 31. காற்றோ மே கடைசியில் தொடங்கிச் செப்டம்பரோடு தணிந்துவிடும். காற்று ஓயும் நேரத்தில் காற்றாலையைத் தொடங்கி வைத்தார்கள் என்றால், நாள் குறித்தது யார் என்று புரிந்துகொள்ளலாம்.

இப்படி வாங்கியவர்களில் பலர் இயந்திரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை, இடத்தின் காற்று அளவைக் கேட்கவில்லை. வரி மிச்சமானதோடு கணக்கு முடிந்ததாக நினைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் நடுவே வரி விதிகள் மாறியதும் புது முதலீடு சரிந்தது. தேய்மானச் சலுகை பின்னர் 80 சதவீதமானது. 2012இல் நிறுத்தப்பட்டு, 2014இல் திரும்ப வந்து, 2017இல் 40 சதவீதத்துக்கு இறங்கியது. இடையில் 2009 டிசம்பரில், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை தரும் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. இயந்திரம் நிற்பதற்குக் காசு கொடுத்த இடத்தில், அது ஓடுவதற்குக் காசு. என் பார்வையில் இந்தத் திருத்தம் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே வந்திருக்க வேண்டும்.

இனி கையைச் சுட்ட இடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலையின் கணக்கறையில் உட்கார்ந்திருந்தேன். வயதான கணக்கர் ஒருவர், காற்றாலைக்கு வந்த மாதாந்திர மீட்டர் அறிக்கைகளை வரிசையாக அடுக்கி, ஒரு பழைய நீள நோட்டில் பென்சிலால் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பத்திக்குத் தலைப்பு 'ரியாக்டிவ்'. அதில் மூன்று மாதமாக எண் ஏறிக்கொண்டே வந்திருந்தது. "இதுக்கு முன்னாடி இருந்தவங்க இதை ஒரு செலவுன்னு நெனச்சுக் கட்டிட்டே இருந்தாங்க சார். இது செலவில்ல, ரிப்பேர்" என்றார்.

'ரியாக்டிவ்' என்ற அந்த வார்த்தையை விளக்க வேண்டும். பழைய காற்றாலைகளில் இருப்பது இண்டக்ஷன் ஜெனரேட்டர். அது மின்சாரம் தர வேண்டுமானால், காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ள வெளியிலிருந்து ஒருவகை மின்சக்தி அதற்கு வேண்டும். அடிப்பம்பில் தண்ணீர் வரவழைக்க முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவோம் அல்லவா, அதுபோல. பம்புக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். இதற்கு ஓடுகிற நேரமெல்லாம் வேண்டும். இதைத்தான் ரியாக்டிவ் பவர் என்கிறார்கள். கோபுரத்தின் அடியில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் இதன் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். கெப்பாசிட்டர் ஒன்று கெட்டுப்போனாலும் இயந்திரம் நிற்காது. இறக்கை சுற்றும், யூனிட் ஏறும், தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. குறைந்ததை வாரியத்தின் கம்பியிலிருந்து இழுத்துக்கொள்ளும். வாரியம் அதற்குக் கட்டணம் போடும். பராமரிப்பு நிறுவனத்தின் ஆளுக்கு இயந்திரம் ஓடினால் போதும், அபராதம் அவர் பையிலிருந்து போவதில்லை. மில்லுக்கோ அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. சில ஆயிரம் ரூபாயில் மாற்ற வேண்டிய பொருளுக்காக மாதாமாதம் பணம் கசிந்துகொண்டிருந்தது.

அந்தக் கணக்கர் பொறியியல் படித்தவர் அல்ல. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் ஏற்றுமதியாளர் செய்வதைத்தான் அவர் மீட்டர் அறிக்கைக்குச் செய்தார்.

பெரிய நிறுவனங்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2004இல் பார்தி ஏர்டெல் தன் கணினி வேலைகளை ஐ.பி.எம். நிறுவனத்திடமும், நெட்வொர்க்கை நிறுவி நடத்தும் வேலையை எரிக்சன் போன்ற நிறுவனங்களிடமும் ஒப்படைத்தது. தொலைபேசி நிறுவனம் தன் நெட்வொர்க்கையே வெளியே கொடுப்பதா என்று உலகமே வியந்த ஒப்பந்தம் அது. கருவிகளை வாங்கிக் குவிக்காமல், பயன்படுத்தும் கொள்ளளவுக்கு மட்டும் பணம் என்பது அதன் சாரம். வாடிக்கையாளரையும் அலைவரிசை உரிமத்தையும் எங்கே, எப்போது விரிவது என்ற முடிவையும் ஏர்டெல் தன்னிடமே வைத்துக்கொண்டது. வெளியே கொடுத்த வேலைக்கான அளவுகோலும் அவர்கள் கையில் இருந்தது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் ஒருவர் உண்டு. துல்சி தந்தி குஜராத்தில் ஜவுளித் தொழில் நடத்தியவர். மின் செலவு லாபத்தைத் தின்றதால் இரண்டு காற்றாலைகளை வாங்கினார். வாங்கியவர் அதோடு நிற்கவில்லை. அந்த இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1995இல் சுஸ்லான் என்ற காற்றாலை நிறுவனத்தையே தொடங்கினார். 2022இல் அவர் மறைந்தபோது, ஜவுளிக்காரர் என்று அவரை நினைவுகூர்ந்தவர்கள் குறைவு. எல்லா மில்காரரும் சுஸ்லான் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே செலவுக்காக அதே இயந்திரத்தை வாங்கிய எத்தனையோ பேர், வாங்கிய நாளில் தெரிந்திருந்ததைவிடக் கூடுதலாக எதையும் இருபது ஆண்டுகளில் தெரிந்துகொள்ளவில்லை. அது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்றைக்கு இதை எழுதக் காரணம் உண்டு. முன்பு ஒருவருக்கு ஒரு காத்தாடி என்று இருந்தது. இப்போது நடப்பது பெரும்பாலும் குரூப் கேப்டிவ். ஒரு நிறுவனம் பெரிய காற்றாலை அல்லது சோலார் நிலையம் அமைக்கும். பல மில்கள் அதில் பங்கு வாங்கி மின்சாரம் எடுக்கும். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் அந்த நிலையத்தின் உரிமையில் குறைந்தது 26 சதவீதம் வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். இரண்டும் நிறைவேறினால் அது சொந்த மின்சாரம் என்று கருதப்படும். குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது.

அந்தக் கட்டணம் என்ன? தொழிற்சாலைகள் மின்சாரத்துக்குக் கூடுதல் விலை தருகின்றன. அந்தப் பணம்தான் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் விலை குறைவதற்கு ஓரளவு கைகொடுக்கிறது. பெரிய வாடிக்கையாளர் வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்கப் போனால், அந்தப் பங்கில் விழும் துண்டை அவரிடமே வசூலிப்பதுதான் இந்தக் கூடுதல் கட்டணம். சொந்தமாக உற்பத்தி செய்பவருக்கு மட்டும் சட்டம் விலக்கு தருகிறது.

ஐந்து மில்கள் சேர்ந்த ஒரு நிலையம் ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் உற்பத்தி செய்கிறது என்று வையுங்கள். ஐவரும் சேர்ந்து 51 லட்சம் யூனிட் எடுத்தாக வேண்டும். நூல் விலை சரிந்து இரண்டு மில்கள் நான்கு மாதம் ஷிப்டைக் குறைத்தால் அந்தக் கணக்கு தவறிவிடலாம். தவறினால் அந்த ஆண்டின் மின்சாரம் முழுவதுமே சொந்த மின்சாரம் என்ற தகுதியை இழக்கும். ஒழுங்காக ஓடிய மூன்று மில்களின் பில்லிலும் கூடுதல் கட்டணம் வந்து விழும். யூனிட்டுக்கு இவ்வளவு ரூபாய் மிச்சம் என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் ஒப்பந்தத்தில், இந்த இழப்பை யார் ஏற்பது என்பது எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது? கையெழுத்துப் போட்டவர்களில் அதைத் தேடிப் படித்தவர் எத்தனை பேர்?

கூரை சோலாரிலும் இதே கதைதான். நிறுவனம் ஒன்று தன் செலவில் கூரைமேல் பலகைகளைப் போட்டு, 20, 25 ஆண்டுக்கு யூனிட் விலைக்கு மின்சாரம் விற்கும் முறை பரவியிருக்கிறது. முதல் போடாமல் புதுத் தொழில்நுட்பம் கிடைப்பது நல்லதே. சிறு நிறுவனத்துக்கு இதைவிட்டால் வழியும் இல்லை. ஆனால் கூரை பழுதானால் பலகையை யார் கழற்றுவது, இடத்தை விற்க நேர்ந்தால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்பவை கையெழுத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியில் இப்போதைக்குத் துணிமணி இல்லை. இரும்பு, சிமெண்ட், அலுமினியம் போன்றவையே இருக்கின்றன. ஆனாலும் பெரிய பிராண்டுகள் துணி எந்த மின்சாரத்தில் உருவானது என்று கணக்குக் கேட்கின்றன. "எங்களிடம் காற்றாலை இருக்கிறது" என்று சொன்னால் போதாது. எந்த மாதம் எத்தனை யூனிட், அதில் எவ்வளவு இந்த மில்லுக்கு வந்தது என்று தாளில் காட்ட வேண்டும். அந்தத் தாளை வெளியாரிடம் கேட்டு வாங்கும் நிலையில் இருப்பவர், அது சரியா தப்பா என்று எப்படிச் சொல்வார்?

பழைய காற்றாலைகளின் ஆயுளும் முடிந்துகொண்டிருக்கிறது. நல்ல காற்றுள்ள இடங்களை எல்லாம் 1990களில் நட்ட 250 கிலோவாட் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதைப்போல் பத்து மடங்கு திறனுள்ள ஒற்றை இயந்திரத்தை இன்று உயரமான கோபுரத்தில் நிறுத்த முடியும். பழையதை மாற்றுவதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழக அரசு 2024இல் தனிக் கொள்கை அறிவித்திருக்கிறது. எனவே அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மில்கள் மறுபடியும் ஒப்பந்தத் தாள்களுக்கு முன்னால் உட்காரப் போகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் அப்பா கையெழுத்துப் போட்ட இடத்தில் இப்போது மகனோ மகளோ.

அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். வேலையைத் தாராளமாக வெளியே கொடுங்கள். கோபுரம் ஏற உங்கள் ஆள் வேண்டாம், கியர்பாக்ஸைக் கழற்றவும் வேண்டாம். ஆனால் மாதாந்திர மீட்டர் அறிக்கையை வரிக்கு வரி படிக்கத் தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில், இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதோடு எத்தனை யூனிட் தந்தது, எவ்வளவு ரியாக்டிவ் இழுத்தது என்பதற்கும் அவர்களைப் பொறுப்பாக்குங்கள். இயந்திரத்தின் தரவு உங்கள் பெயரில், உங்கள் கணினிக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். குரூப் கேப்டிவில் கணக்கு தவறினால் கூடுதல் கட்டணம் யார் தலையில் என்ற பத்தியை, விலையைப் பேசுவதற்கு முன்னால் பேசுங்கள்.

காற்று மே கடைசியில் வரும். அதற்குள் அலமாரியில் இருக்கும் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்து முழுவதுமாகப் படித்துவிடுங்கள்.